டிராக் பந்தயக் கார்களின் பின்புறச் சஸ்பென்ஷன்

டிராக் பந்தயம் என்பது நேர்க்கோட்டில் நடைபெறும் மோட்டார் பந்தயம். நின்ற நிலையிலிருந்து இரண்டு கார்கள் புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, எது முதலில் கடக்கிறது என்பதே போட்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் விமான ஓடுதளங்களிலும் ஆளில்லாச் சாலைகளிலும் வளர்ந்த இவ்விளையாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர, 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இன்றும் அமெரிக்காவில் இப்பந்தயத்தை நடத்தும் முதன்மை அமைப்பு அதுவே.

வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. எனவே பெரிய எஞ்சின் இருந்தால் போதும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். புதிதாகப் பந்தயத்துக்கு வருபவர்கள் பலர் அப்படி நினைத்துத்தான் பணத்தை எஞ்சினில் கொட்டுகிறார்கள். பிறகு பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்க, குறைந்த சக்தியுள்ள பக்கத்துக் கார் முன்னால் போய்விடுகிறது. எஞ்சினுக்கும் தரைக்கும் இடையில் நிற்பது பின்புறச் சஸ்பென்ஷன். பின்சக்கரங்களால் ஓடும் காரில் அதை எப்படி மாற்றியமைக்கிறார்கள், அம்மாற்றம் எதைச் செய்கிறது, எதைச் செய்ய முடியாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சக்தி எங்கே வீணாகிறது?

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 1,500 கிலோ. முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2.7 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் 55 விழுக்காடு முன்சக்கரங்கள் மீதும் 45 விழுக்காடு பின்சக்கரங்கள் மீதும் அமர்ந்துள்ளது.

எஞ்சினின் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். முதல் கியர் அதை 3 மடங்காக்குகிறது. பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் மேலும் 4.1 மடங்காக்குகின்றன. ஆகச் சக்கரங்களுக்கு வந்து சேர்வது 6,150 நியூட்டன் மீட்டர். டயரின் ஆரம் 0.33 மீட்டர் என்றால், தரையைப் பின்னோக்கித் தள்ள முயலும் விசை ஏறத்தாழ 18,600 நியூட்டன். காரின் மொத்த எடையே 14,700 நியூட்டன்தான்! எஞ்சின் கொடுப்பது முழுவதும் தரையில் இறங்கினால், கார் புவியீர்ப்பு முடுக்கத்தைவிடக் கூடுதலான முடுக்கத்தில் பாயும்.

ஆனால் இறங்காது. டயர் எவ்வளவு தள்ள முடியும் என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. உராய்வு விசை என்பது உராய்வுக் குணகத்தையும் டயர் மீதுள்ள செங்குத்து விசையையும் பெருக்கி வருவது. இது பதினோராம் வகுப்புப் பாடம். சாதாரணச் சாலை டயருக்கு உராய்வுக் குணகம் 1 என்று கொண்டால், நம் கார் கொடுக்கக்கூடிய உச்ச விசை சுமார் 8,300 நியூட்டன். 18,600 வந்து சேர்ந்தும் பாதிகூடப் பயன்படவில்லை. மீதி ரப்பரை எரித்துப் புகையாகப் போகிறது. இந்த நிலையில் எஞ்சினுக்கு இன்னும் 100 நியூட்டன் மீட்டர் சேர்த்தால் புகைதான் கூடும்.

உராய்வுக் குணகம் 1-ஐத் தாண்டாது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. நான் பாடம் நடத்திய காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அப்படி எழுதியிருப்பார். அப்படி ஒரு விதி கிடையாது. வரிப்பள்ளம் இல்லாத மென்மையான 'ஸ்லிக்' டயரைச் சூடேற்றி, ஒட்டும் தன்மையுள்ள பசை தெளித்த ஓடுதளத்தில் வைத்தால் குணகம் 1-ஐ நன்றாகவே தாண்டும். புறப்படுமுன் பந்தய ஓட்டிகள் தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிப் புகையெழுப்புவது வேடிக்கைக்காக அன்று. டயரின் மேற்பரப்பைச் சுத்தமாக்கிச் சூடேற்றத்தான். குணகம் 1.5 ஆனால் நம் காரின் உச்ச விசை ஏறத்தாழ 14,300 நியூட்டனாக உயர்கிறது.

இதன் விளைவை முதல் 60 அடியில், அதாவது 18.3 மீட்டரில், அளக்கிறார்கள். ஓடுதளத்தில் இதற்கெனத் தனி ஒளிக்கதிர் அளவி உண்டு. முதல் நிலையில் நம் கார் இத்தூரத்தைக் கடக்க 2.57 விநாடி ஆகும். இரண்டாம் நிலையில் 1.96 விநாடி. இங்கே இழந்த நேரத்தைப் பின்னால் மீட்பது மிகக் கடினம். அனுபவமுள்ளவர்கள் தங்கள் ஓட்டச் சீட்டில் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

முன்பாரமும் பின்பாரமும்

மேலே சொன்ன விசைகளைக் கணக்கிடும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கார் பாயும்போது பின்சக்கரங்கள் மீதுள்ள சுமை 45 விழுக்காட்டிலேயே நிற்பதில்லை. பேருந்து திடீரென்று புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதுபோல, காரின் சுமையும் பின்னோக்கி நகர்கிறது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுபவர் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்து ஏற்றுவார். இங்கே பாரம் நகராமலே, முடுக்கத்தால் முன்பாரம் குறைந்து பின்பாரம் கூடுகிறது.

எவ்வளவு கூடும்? முடுக்கம், நிறை, ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, முன்பின் சக்கரங்களின் இடைத்தூரத்தால் வகுக்க வேண்டும். குணகம் 1.5 உள்ள நிலையில் நம் காரின் பின்சக்கரங்கள் மீது நிற்கும்போது 675 கிலோ இருந்தது. பாயும்போது அது ஏறத்தாழ 970 கிலோ ஆகிறது.

வாய்பாட்டைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். ஈர்ப்பு மையம் உயர்ந்தால் பின்பாரம் கூடும். 1950-களின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்ற பெயரில் ஒரு குழு அமைத்து, 1949-ஆம் ஆண்டின் பிளிமத் கார் ஒன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். 'ஹை அண்ட் மைட்டி' என்று பெயரிடப்பட்ட அந்தக் கார் ஏணி வைத்து ஏறவேண்டியதுபோல் தரையிலிருந்து உயர்ந்து நின்றது. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம். நம் காரின் ஈர்ப்பு மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், அதே டயரில் முடுக்கம் புவியீர்ப்பின் 0.97 மடங்கிலிருந்து 1.06 மடங்காகக் கூடுகிறது. எஞ்சினில் கை வைக்கவே இல்லை.

1965-இல் அதே நிறுவனம் வேறொரு வழியில் போனது. சில பந்தயக் கார்களின் பின்சக்கரங்களை 38 சென்டிமீட்டரும் முன்சக்கரங்களை 25 சென்டிமீட்டரும் முன்னோக்கி நகர்த்தி வைத்தது. உடல் அப்படியே இருக்க, சக்கரங்கள் மட்டும் முன்னே போனதால் எடை பின்சக்கரங்கள் மீது விழுந்தது. கோணலாகத் தெரிந்த அந்தக் கார்களின் தோற்றத்திலிருந்துதான் 'ஃபன்னி கார்' என்ற பெயரே பிறந்தது. டயர்கள் மேம்பட்ட பின் இத்தகைய உயரம் தேவைப்படவில்லை. பிடிமானம் மிகுந்த டயரோடு ஈர்ப்பு மையமும் உயரமாக இருந்தால் முன்சக்கரங்கள் வானத்தைப் பார்க்கும். முன்சக்கரம் தரையில் இல்லாதபோது ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன்?

உட்கார்ந்தால் பிடிக்குமா?

இனி இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். புறப்படும்போது காரின் பின்புறம் நன்றாகக் கீழே அமிழ்ந்தால், எடை பின்னால் ஏறிவிட்டது, டயர் நன்றாகப் பிடிக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். இதற்காகவே பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குபவர்களும் உண்டு. இது தவறு.

மேலே தந்த வாய்பாட்டில் ஸ்பிரிங்கின் மென்மை எங்கும் இல்லை. முடுக்கம் நிலையாக இருக்கும்வரை, ஸ்பிரிங் அமிழ்ந்தாலும் அமிழாவிட்டாலும் பின்பாரம் ஒன்றே. மெத்தையின் மேல் நின்றாலும் சிமெண்டுத் தரையில் நின்றாலும் ஒருவருடைய எடை மாறாததைப் போன்றது இது. சொல்லப்போனால் பின்புறம் 5 சென்டிமீட்டர் அமிழ்ந்தால், நம் காரின் ஈர்ப்பு மையம் 2 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து பின்பாரம் சிறிது குறையவே செய்யும். மாறாக, முன்புறம் 10 சென்டிமீட்டர் எழும்பினால் ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். முன்புறம் எளிதில் எழும்ப வேண்டும் என்று பந்தயக்காரர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பின் சஸ்பென்ஷனை மாற்றுவதால் என்ன பயன்? பயன் உண்டு. அது சுமையின் அளவைவிட, சுமை வந்து சேரும் நேரத்தில் இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முள் வைத்த எடை பார்க்கும் கருவியின் மேல் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். பிறகு சட்டென்று எழுந்து நில்லுங்கள். எழத் தொடங்கும் கணத்தில் முள் உங்கள் எடைக்கு மேலே போகும். எழுந்து முடிக்கும்போது எடைக்குக் கீழே இறங்கும். பின் அசையாமல் நின்றதும் பழைய இடத்துக்கே வரும். நின்றவர் சட்டென்று உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறு: முதலில் முள் இறங்கும், பிறகு ஏறும்.

காரின் உடல்தான் இங்கே நீங்கள். கருவிதான் டயர். புறப்படும் முதல் அரை விநாடிக்குள் பின்புற உடலை மேலே தள்ளினால், அதன் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்துகிறது. டயருக்குப் பிடிமானம் மிகவும் தேவைப்படும் கணமும் அதுவே. உடல் அமிழ்ந்தாலோ அந்தக் கணத்தில் டயர் மீது சுமை தாமதமாகச் சேர்கிறது. அதற்குள் சக்கரம் சுழலத் தொடங்கிவிடும். ஒருமுறை நன்றாகச் சுழன்ற டயருக்கு உராய்வு குறைந்துவிடுவதால், பிறகு சுமை வந்தாலும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தாமல் அது பிடிக்காது.

அச்சு திருகிக்கொள்ளும்போது

உடலை மேலே தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்தே வருகிறது. சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும் 6,150 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு எதிர்வினையாக, பின் அச்சின் கூடு எதிர்ப்பக்கம் திரும்ப முயல்கிறது. அதாவது பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழ முயல்கிறது. அதைத் தடுத்துப் பிடித்திருப்பது சஸ்பென்ஷன்.

பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில், நம் ஊர் அம்பாசடரிலும் லாரிகளிலும் இருந்ததுபோலவே, பின் அச்சைப் பட்டை வில்கள்தாம் தாங்கின. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் எடையைத் தாங்குவதற்கு ஏற்றவை. முறுக்கைத் தாங்குவதற்கு அவ்வளவாக ஏற்றவையல்ல. அச்சு திரும்பும்போது வில்லின் முன்பாதி மேலே வளைந்து, பின்பாதி கீழே வளைந்து, பாம்புபோல் நெளிகிறது. ஓர் எல்லைக்கு மேல் டயர் நழுவ, வில் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடனே டயர் மீண்டும் பிடிக்கிறது, வில் மீண்டும் நெளிகிறது. இது விநாடிக்குப் பலமுறை நிகழும்போது பின்சக்கரங்கள் தரையில் குதிக்கும். காருக்குள் இருப்பவருக்குச் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்கும். அச்சுத் தண்டு முறிவது, பினியன் பல் உடைவது, புரொப்பெல்லர் தண்டின் இணைப்பு சிதறுவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் குதிப்பில்தான். இந்தச் சத்தம் கேட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். 'பிடித்துவிடும்' என்று அழுத்திக்கொண்டே இருப்பது வண்டியை உடைக்கும் வழி.

இதற்கு மிக எளிய தீர்வு இழுவைத் தடி. அச்சுக்கு அடியில் வில்லோடு இறுக்கிக் கட்டப்பட்டு முன்னோக்கி நீளும் ஓர் எஃகுத் தடி அது. அதன் முன்முனையில் ரப்பர் கட்டை இருக்கும். அச்சு திருக முயன்றால் தடியின் முன்முனை மேலெழுந்து, வில்லின் முன் காது இருக்கும் இடத்தில் முட்டும். அதற்குமேல் அச்சு திரும்ப முடியாது. அந்த முட்டலே உடலை மேலே தள்ளி டயரைக் கீழே அழுத்துகிறது. விலை குறைவு, துளை போடாமலே பொருத்தலாம். முட்டும்போது வரும் அடி சற்று முரட்டுத்தனமானது என்பதுதான் குறை.

கிரைஸ்லர் பொறியாளர்கள் தனித் தடியே இல்லாமல் இதைச் சாதித்தார்கள். அவர்களுடைய 'சூப்பர் ஸ்டாக்' பட்டை வில்லில் அச்சு நடுவில் இல்லாமல் முன்னே தள்ளி அமர்ந்திருக்கும். குட்டையான முன்பாதியில் பட்டைகள் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். நீண்ட பின்பாதி தளர்வாக இருக்கும். முன்பாதி தடிபோல் விறைத்து முறுக்கைத் தாங்க, பின்பாதி வில்போல் வளைந்து எடையைத் தாங்கும். ஒரே பொருளை இரண்டு வேலைக்குப் பிரித்துக்கொடுத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

கோடுகள் சந்திக்கும் புள்ளி

சுருள் ஸ்பிரிங் வைத்த கார்களில் அச்சைப் பிடித்திருப்பவை இணைப்புத் தடிகள். வழக்கமாகக் கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு இருக்கும். காரைப் பக்கவாட்டில் இருந்து பார்த்து, மேல் தடியின் வழியாக ஒரு கோட்டையும் கீழ்த் தடியின் வழியாக ஒரு கோட்டையும் முன்னோக்கி நீட்டினால், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அங்கே திருகாணியோ தடியோ எதுவும் இருக்காது. எனினும் அச்சு உடலைத் தள்ளுவது அந்தப் புள்ளியில் முட்டுக்கொடுத்து நெம்புவதுபோல்தான் அமையும். இதைக் கணநேரச் சுழல்மையம் எனலாம். சுருக்கமாகச் சந்திப்புப் புள்ளி என்று கொள்வோம்.

இப்போது ஒரு தாளில் காரை வரைந்து, பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து சந்திப்புப் புள்ளிக்கு ஒரு கோடு போடுங்கள். அதே இடத்திலிருந்து, முன் அச்சுக்கு நேர் மேலே ஈர்ப்பு மைய உயரத்தில் உள்ள புள்ளிக்கு இன்னொரு கோடு போடுங்கள். இது நடுநிலைக் கோடு. சந்திப்புப் புள்ளி நடுநிலைக் கோட்டின் மேலேயே இருந்தால் பின்புறம் எழவும் செய்யாது, அமிழவும் செய்யாது. கோட்டுக்கு மேலே இருந்தால் பின்புறம் எழும். கீழே இருந்தால் அமிழும்.

நம் காரின் நடுநிலைக் கோட்டின் சரிவு 0.55-ஐ 2.7-ஆல் வகுத்து வருவது, ஏறத்தாழ 0.204. சந்திப்புப் புள்ளி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் முன்னால், 0.25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் சரிவு 0.208. அமிழ்தல் எதிர்ப்பு 102 விழுக்காடு என்பார்கள். கிட்டத்தட்ட நடுநிலை. கீழ்த் தடியின் பின்முனையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டுவதால் புள்ளி 0.9 மீட்டர் தூரத்துக்கும் 0.28 மீட்டர் உயரத்துக்கும் வந்தால் அதே கணக்கு 153 விழுக்காடு என்று காட்டும். கார் புறப்பட்ட கணமே பின்புறம் துள்ளி எழும். டயர் மீது ஓங்கி அறைந்ததுபோல் சுமை விழும்.

அப்படியானால் 200, 250 என்று ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், எடை பார்க்கும் கருவியின் முள்ளை நினைவில் கொள்ள வேண்டும். எழுந்து முடிக்கும்போது அது கீழே இறங்கியது. உடல் வேகமாக எழுந்து ஷாக் அப்சார்பரின் எல்லையில் இடித்து நிற்கும் கணத்தில், டயர் மீதுள்ள சுமை சட்டென்று குறையும். நன்றாகப் பிடித்துக் கிளம்பிய கார் 5, 6 மீட்டர் தாண்டியதும் திடீரென்று சக்கரம் சுழல்வது இதனால்தான். எஞ்சின் கோளாறு என்று எண்ணிக் கார்புரேட்டரைத் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் இவ்வகை நான்கு தடி அமைப்பு கொண்டது. விலை குறைவாகவும் எடை குறைவாகவும் இருந்ததால் அமெரிக்க டிராக் ஓட்டிகளின் செல்லப் பிள்ளையாயிற்று. அதன் தடிகளின் முனைகளில் இருந்த மென்மையான ரப்பர் புஷ்கள் முறுக்கில் நசுங்கி, சக்கரக் குதிப்பைத் தந்தன. ஃபோர்டு நிறுவனமே 1980-களின் நடுவில், அச்சு திருகுவதைத் தணிக்க இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் கிடைமட்டமாகச் சேர்த்தது. பந்தயக்காரர்கள் கீழ்த் தடிகளைக் கழற்றிவிட்டு, கடினமான பாலியூரித்தேன் புஷ் வைத்த பெட்டி வடிவ எஃகுத் தடிகளைப் போடுகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இக்காரின் மேல் தடிகள் சாய்வாக அமைந்தவை. கார் வளைவில் சாயும்போது அவை முறுக்கிக்கொள்ள இடம் வேண்டும். அவற்றின் இரு முனைகளிலும் கடினமான புஷ் போட்டால் வளைவில் சஸ்பென்ஷன் இறுகி, பின்புறம் முன்னறிவிப்பின்றி வழுக்கும். நேர்க்கோட்டில் குறை தெரியாது. பந்தயம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், மழை பெய்த ஒரு திருப்பத்தில் தெரியும்.

முழுநேரப் பந்தயக் கார்களில் ஏணித் தடியும் துளைகள் நிறைந்த நான்கு தடி அமைப்பும் இடம்பெறுகின்றன. ஏணித் தடி அச்சோடு அசையாமல் பிணைந்து, முன்னால் ஒரே ஆணியில் சுழலும். அந்த ஆணிதான் அதன் சந்திப்புப் புள்ளி. அமைப்பது எளிது, மாற்றுவது கடினம். நான்கு தடியில் தாங்கிகளில் வரிசையாகத் துளைகள் இருக்கும். தடியை ஒரு துளை மேலோ கீழோ மாற்றினால் புள்ளி நகரும். தெரிந்தவருக்கு அது வரம், தெரியாதவருக்குத் தலைவலி.

வலச் சக்கரம் ஏன் முதலில் சுழல்கிறது?

அமெரிக்கச் சாலைகளில் சக்கரம் தேய்ந்த கறுப்புத் தடம் பல இடங்களில் ஒற்றையாகத் தெரியும். பெரும்பாலும் அது வலப் பின்சக்கரத்தின் தடம். புரொப்பெல்லர் தண்டு சுழலும்போது பின் அச்சு முழுவதையும் தன்னோடு சேர்த்துத் திருப்பப் பார்க்கிறது. இதனால் வலச் சக்கரம் தரையிலிருந்து எழ முயல, இடச் சக்கரம் அழுந்துகிறது. நம் காரில் குணகம் 1.5 என்ற நிலையில் இது ஒரு பக்கத்திலிருந்து 78 கிலோவை எடுத்து மறுபக்கத்தில் வைக்கும் அளவுக்குப் போகலாம். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே முறுக்கைக் கொடுப்பதால், வலுக்குறைந்த சக்கரம் தாங்கும் அளவுக்குத்தான் இரண்டும் தள்ள முடியும். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பிடிமானம் இப்படியே போய்விடும்.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இதில் ஒரு பகுதியை மீட்கும். ஆனால் சுமை ஏற்றத்தாழ்வு அப்படியே இருப்பதால் கார் ஒருபக்கம் இழுக்கும். சுமையைச் சமன்செய்ய, வலப்பக்க ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை ஒன்றை வைத்து ஊதுவது எளிய வழி. சூப்பர் ஸ்டாக் வில்களிலும் வலப்பக்க வில் கூடுதல் விறைப்போடு வந்தது. இதைவிட நேர்த்தியான வழி, முன்புற ஆன்டி ரோல் கம்பியைக் கழற்றிவிட்டு, பின்புறத்தில் தடித்த கம்பியைப் போடுவது. எஞ்சினின் எதிர்வினை காரின் உடலை வலப்பக்கம் சாய்க்கிறது. அந்தச் சாய்வைப் பின்புறக் கம்பியே முழுவதும் தாங்கினால், அந்த விசை பின் அச்சுக்குத் திரும்பி வந்து, வலச் சக்கரம் எழுவதை ரத்துசெய்துவிடும். பகை இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும் உத்தி.

ஷாக் அப்சார்பர்

தடிகள் சுமையை எந்த வழியில் அனுப்புவது என்று முடிவுசெய்கின்றன. எந்த வேகத்தில் என்பதை முடிவுசெய்வது ஷாக் அப்சார்பர். முன்புறத்துக்கு '90/10' என்ற வகை வழக்கத்தில் உண்டு. அமுங்குவதைக் கடுமையாகத் தடுக்கும், நீள்வதைத் தடுக்காது. ஆகவே முன்புறம் சட்டென்று எழும், மெதுவாக இறங்கும். பின்புறத்துக்கு நீளுதலையும் அமுங்குதலையும் தனித்தனியே திருகி மாற்றும் வகை சிறந்தது. பின்புறம் மிக வேகமாக எழுந்து பிறகு பிடி விட்டால், நீளுதலை இறுக்க வேண்டும். அப்போது அந்த ஒரு கணத்து அழுத்தம் சற்று நீண்ட நேரத்துக்குப் பரவும். புதுத் தடிகளை வாங்கிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்வது வீண்செலவு என்பது என் கருத்து.

தனித்தனிச் சக்கரங்கள்

புதிய கார்களில் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசைபவை. டிஃபரன்ஷியல் உடலோடு பிணைந்திருப்பதால் வலச் சக்கரம் எழும் சிக்கல் இவற்றில் இல்லை. ஆனால் முறுக்கின் எதிர்வினையும் உடலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், டயரை அழுத்த அதை அவ்வளவாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பின்புறம் அமிழும்போது சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள் விளிம்பு மட்டுமே தரையில் அழுந்தும் தொல்லையும் உண்டு. இதனால் சிலர் புதிய காரையே பழைய முழு அச்சுக்கு மாற்றுகிறார்கள்.

2018-இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் தனிச்சக்கர அமைப்போடே இதைச் சமாளித்தது. 840 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில் டிராக் நிலையைத் தேர்ந்தால், முன் ஷாக் அப்சார்பர்கள் எளிதில் நீளவும், பின்னவை இறுகி அமிழாமல் நிற்கவும் கணினி ஏற்பாடு செய்யும். கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் அவ்வளவு வேகம் கூடாது என்பது அப்போது தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதியாக இருந்தது. எனவே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதன் ஓடுதளங்களில் ஓட அந்தக் காருக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் ஓடுபவை. பாயும்போது பாரம் ஓட்டும் சக்கரங்களை விட்டு விலகுவதால், இங்கே சொன்னவை அவற்றுக்குப் பொருந்தா. மேலும் இந்தியாவில் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

எதை முதலில் மாற்றுவது?

முதலில் டயர். பிறகு தேய்ந்த புஷ்கள். இவ்விரண்டையும் செய்யாமல் விலையுயர்ந்த தடிகளுக்குப் போவதில் பொருளில்லை. அடுத்துத்தான் தடிகளும் ஷாக் அப்சார்பரும். தடிகளை மாற்றியதும் பினியன் மூக்கின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். முறுக்கு வரும்போது மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போதே அதைச் சற்றுக் கீழ்நோக்கி வைக்கிறார்கள். பட்டை வில்லில் நெளிவு மிகுதி என்பதால் சில டிகிரி வேண்டும். இறுக்கமான மூட்டுகள் உள்ள நான்கு தடியில் ஒன்றிரண்டு டிகிரி போதும். இதை மறந்தால் புரொப்பெல்லர் தண்டின் இணைப்புகள் சீக்கிரம் பழுதாகும்.

அதன்பின் ஓடுதளத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்லும் அதே விதிதான். ஒரு நோட்டில் டயர்க் காற்றழுத்தம், தடி எந்தத் துளையில், ஷாக் அப்சார்பர் எத்தனை திருகு, 60 அடி நேரம் ஆகியவற்றை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எழுதிவைக்க வேண்டும். நண்பர் ஒருவரை ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தையும் அதற்கு மேலுள்ள மட்கார்டையும் செல்பேசியில் படமெடுக்கச் சொல்லலாம். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடுகிறதா குறைகிறதா, எத்தனை மீட்டரில் மாறுகிறது என்பது தெரியும். புறப்பட்ட இடத்துக்கு நடந்துபோய்த் தரையையும் பார்க்க வேண்டும். இரண்டு கறுப்புத் தடங்களும் ஒரே நீளத்தில் ஒரே அடர்த்தியில் இருந்தால் சுமை சமமாக விழுந்திருக்கிறது. வலத் தடம் நீண்டிருந்தால் வலக் காற்றுப் பையில் இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும். தடம் தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கினால் பின்புறம் எழுந்து விழுந்திருக்கிறது. அப்போது தடிகளைத் தொடாமல், முதலில் ஷாக் அப்சார்பரின் நீளுதலை ஒரு திருகு இறுக்கிப் பார்க்க வேண்டும்.